மூன்றாவது பிரதி

என் தங்கை வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன வருடம் எனக்கு நாற்பத்தொரு வயது. அவள் என்னைவிட ஒன்பது வயது இளையவள். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன்பே தவறிவிட்டார்கள். மஸ்கெலியாவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதாவது அறை, உள்ள லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. அதில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் போன பிறகு நான் மட்டும்.

தனியாக இருப்பதற்குக் கை பழகவே பல நாள் ஆனது. அரிசி அளக்கும்போது இரண்டாவது சுண்டுக்குக் கை போகும். பிறகு டின்னை மூடுவேன்.

எனக்கு மலையில் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. மஸ்கெலியா டவுனில் ஒரு கடையில் இருந்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது, கடிதம் டைப் செய்வது, அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது எல்லாம் நான்தான். கடைக்காரரை ஊரே நானா என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

தங்கை வேலை செய்த வீட்டில் அவள் போன் வைத்திருக்கக் கூடாது. ஒரு சின்ன போனை வாங்கி, சாமான் அறையில் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வீட்டார் எல்லாரும் உறவுக்காரர் வீட்டுக்குப் போவார்கள். அப்போது போனை எடுத்து எனக்குக் குரல் பதிவுகள் அனுப்புவாள். அங்கே மத்தியானம் என்றால் இங்கே மாலை. நான் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறிக்கொண்டிருப்பேன். லயத்தில் சிக்னல் கிடையாது. பாதை திரும்பும் இடத்தில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது, அதுவரைக்கும்தான். அங்கே நின்று எல்லாப் பதிவும் இறங்கும்வரை காத்திருப்பேன். மழையாக இருந்தால் குடைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்பேன்.

முதல் வருடம் எல்லாம் சாதாரணப் பேச்சு. அந்த வீட்டுச் சின்னக் குழந்தைக்குப் பல் முளைத்தது, பேரீச்சம்பழத்தில் செய்யும் ஒரு பலகாரம், அறைக்குள்ளேயே குளிர் காற்று வரும் பெட்டி. இரண்டாம் வருடம் அவர்கள் வேறு வீட்டுக்குக் குடிபோனார்கள். அதற்குப் பிறகு பேச்சு மாறியது. வீட்டு எஜமானி அடித்ததைச் சொன்னாள். மூத்த மகன் சமையலறைக்குள் வந்து நிற்பதைச் சொன்னாள். சில பதிவுகளில் பேச்சே இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். ஒன்றின் முடிவில் சொன்னாள்: "இத யாருக்கும் போட்டுக் காட்டிறாதக்கா. ஒனக்கு மட்டும்தான்."

"வந்துரு," என்று பதில் அனுப்பினேன். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, பொறுத்துக்கொள்கிறேன் என்றாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் டவுனில் ஒரு காரியம் நடந்தது. ஒரு பெண்பிள்ளை, வயது இருபது இருக்கும், தன் போனைத் திருத்தக் கொடுத்திருந்தாள். அதில் இருந்த படங்கள் யார் கையாலோ வெளியே போய், ஒரே வாரத்தில் ஊரில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை எங்கள் கடைக்கு விண்ணப்பம் நிரப்ப வருகிறவள். பிறகு அவள் வரவில்லை, அம்மாதான் வந்தார். "மகளுக்கு ஒடம்பு சரியில்லங்க," என்று மேசையைப் பார்த்தபடி சொன்னார். அவர் போன பிறகு என் போனை எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பூட்டுகூட இல்லை. இரண்டு வருடத்துக்கான தங்கையின் குரல் முழுவதும் அப்படியே திறந்து கிடந்தது.

அன்றைக்கே நானாவிடம் பேசினேன். கடைக் கணினியில் ஸ்கேன் செய்கிற அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எதையும் வைத்திருக்கக் கூடாது, மாலையில் கடை பூட்டும் முன் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்றேன்.  "ஆளுங்க திரும்பி வந்து கேப்பாங்களே புள்ள," என்றார். "திரும்ப ஸ்கேன் பண்ணிக் குடுப்போம்," என்றேன். சரி என்றார்.

என் சங்கதிக்கு யாரிடம் போவது என்று தெரியவில்லை. ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கணினி வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே படிப்பித்தவர் ஒரு சிங்களப் பெண், என்னைவிட இளையவர். நான் மிஸ் என்பேன், அவர் என்னை அக்கே என்பார். கொஞ்சம் தமிழும் பேசுவார். அவரிடம் போய், ஒருவரும் திறக்க முடியாதபடி ஒரு பொருளை வைப்பது எப்படி என்று கேட்டேன். என்ன பொருள் என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒரு பென் டிரைவை முழுவதுமாகப் பூட்டுவது எப்படி என்று செய்து காட்டினார். பூட்டிய பிறகு அதில் இருப்பதெல்லாம் யாருக்கும் விளங்காத எழுத்துக் குப்பையாகிவிடும். பாஸ்வேர்ட் இல்லாதவன் அதைக் கணினியில் போட்டால், கெட்டுப்போன டிரைவ் என்றுதான் கணினியே நினைக்கும். பாஸ்வேர்ட் ஒரு சொல்லாக இருக்கக் கூடாது, நீளமான ஒரு வாக்கியமாக இருக்க வேண்டும், மறந்துவிட்டால் கடவுளாலும் திறக்க முடியாது என்றார். பிறகு விரல்களை மடக்கிக் காட்டினார். மூன்று பிரதி வேண்டும். ஒன்று தினம் பாவிக்கும் கருவியில். ஒன்று வேறொரு கருவியில். ஒன்று வேறொரு வீட்டில்.

"அந்த வேற வீடு யாரோடது அக்கே?" என்று கேட்டார்.

"பாத்துச் சொல்றேன் மிஸ்," என்றேன்.

பாஸ்வேர்டாக நான் வைத்தது தங்கை சின்ன வயதில் அம்மாவிடம் என்னைக் காட்டிக்கொடுத்த ஒரு வாக்கியம். "அக்காதான் என் வாழக்கா பஜ்ஜிய தின்னுச்சு." எங்கள் இருவரைத் தவிர அதை அறிந்தவர்கள் உயிரோடு இல்லை. ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்தேன். போனிலிருந்த பதிவுகளை எல்லாம் நானா எனக்குக் கொடுத்திருந்த பழைய லேப்டாப்பில் ஏற்றிப் பூட்டினேன். ஒரு பென் டிரைவிலும் ஏற்றிப் பூட்டினேன். போனிலும் பூட்டு போட்டேன். போன் தானாகவே இணையத்துக்கு அனுப்பி வைக்கும் பேக்கப்பைப் பயத்தில் நிறுத்திவிட்டேன். அந்தப் பென் டிரைவைத்தான் இன்னொரு வீட்டில் வைக்க வேண்டும்.

அந்த வாரம் முழுவதும் அதையே யோசித்தேன். பக்கத்துக் காம்பராவில் வைக்கலாம், ஆனால் இரண்டுக்கும் சுவர் ஒன்றுதான், கூரை ஒன்றுதான், அது வேறு வீடு ஆகாது. தோட்டத்தின் மேல் டிவிஷனில் பெரியப்பா வீடு இருக்கிறது. அங்கே எதை வைத்தாலும் நாலு பேர் எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு நாலு லயத்துக்குத் தெரியும். நானா நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வீட்டில் பதினோரு பேர். கோயிலில் வைக்க முடியாது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனேன். பாதிப் பேர் கடைக்கு வந்தவர்கள், "பாஸ்போர்ட் ஃபோம் அண்ணன்," "ஓய்வூதியம் அம்மா" என்று சேமித்து வைத்திருந்தேன். நாற்பத்துமூன்று வயதில், சுண்டு விரல் அளவு ஒரு பொருளைக் கொடுத்து வைக்க எனக்கு ஒரு வீடு இல்லை. அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கடைசியில் பட்டிப்பொலவில் இருந்த ஒருத்தியை நினைத்தேன். பள்ளியில் உயர்தரம் வரைக்கும் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்தவள். ரயில்வேயில் வேலை செய்பவரைக் கட்டிக்கொண்டு அங்கே குவாட்டர்ஸில் இருந்தாள். பன்னிரண்டு வருடமாக நேரில் பார்க்கவில்லை. தைப்பொங்கலுக்கு அவள் ஒரு பொங்கல் பானைப் படம் அனுப்புவாள், நான் ஒன்று அனுப்புவேன். அவ்வளவுதான் உறவு.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பௌர்ணமி போயா விடுமுறையன்று ஹட்டனில் ரயில் ஏறினேன். பட்டிப்பொலவில் இறங்கியபோது காற்று காதைக் கடித்தது. ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அவள் திறந்து என்னைப் பார்த்து, ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் நின்றாள். பிறகு கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கல்யாணப் பத்திரிக வைக்க வந்தியா?" என்று கேட்டாள். முகத்தில் உண்மையான சந்தோஷம்.

"இல்லடி. ஒன்ன ஒரு சாமான் வச்சிருக்கச் சொல்லிக் கேக்க வந்தேன்."

பென் டிரைவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அவள் அதை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"இதுல என்ன இருக்கு?"

"தங்கச்சி பேசுனது. அங்கருந்து."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த?"

"ஆமா."

அவள் டப்பாவை மூடினாள். அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு அடியில் வைத்தாள். சோறு போட்டாள். அவள் கணவர் வந்ததும் அவருக்கு என்னை, "எங்க கிளாஸ்ல மொதலாவது வர்றது இவதான்" என்று அறிமுகம் செய்தாள். நான் எல்லா வருடமும் நாலாவதாகத்தான் வந்தேன். மாலை ரயிலில் திரும்பினேன். ஜன்னலில் மூடுபனி தவிர ஒன்றும் தெரியவில்லை. வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி நானு ஓயாவரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு, அவள் திரும்ப எப்போது வருவாய் என்று கேட்டதும் நான் பதில் சொல்லாததும் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் கழித்து எங்கள் லயம் எரிந்தது.

பகல் நேரம். முந்தின நாள் முழுவதும் கரண்ட் இல்லை. காலையில்தான் வந்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்கு வந்திருந்தேன். மத்தியானம் ஒரு ஆட்டோக்காரர் கடை வாசலில் நிறுத்தி, "அக்கா, ஒங்க லயம் பத்திக்கிச்சு" என்றார். "நீங்க போங்க புள்ள, கடைய நான் பாத்துக்கிறேன்," என்று நானா எழுந்துவிட்டார். அந்த ஆட்டோவிலேயே போய்ச் சேர்ந்தபோது தகரங்கள் சுருண்டு கிடந்தன. எங்கள் பக்கத்து ஆறு காம்பராவும் போய்விட்டது. எல்லாரும் மலையில் இருந்த நேரம் என்பதால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. பழைய வயர் ஒன்று உருகிப் பிடித்துக்கொண்டது என்றார்கள்.

மறுநாள் சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். லேப்டாப் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு தட்டு கிடந்தது. போன் கிடைக்கவே இல்லை. இரண்டு கருவியும் ஒரே மேசையில் இருந்தன.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எங்களைத் தங்க வைத்தார்கள். சேதம் எழுத வந்தவர் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். தோடு, தையல் மெஷின், பிள்ளையின் பாடப் புத்தகம் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். என்னிடம் வந்து, "ஒங்களுக்கு என்னம்மா போச்சு?" என்று கேட்டார். "வீட்டுச் சாமான்," என்றேன். 

பக்கத்துக் காம்பரா அக்கா என்னிடம் வந்தார். "எங்க பொறப்புப் பத்திரமெல்லாம் நீதான கொப்பி எடுத்த. கம்பியூட்டர்ல இருக்கும்ல? எடுத்துக் குடு."

"இல்லக்கா. அன்னன்னைக்கு அழிச்சிருவோம்."

"எதுக்கு?"

"மத்தவங்க எடுத்துறக் கூடாதுன்னு."

 "ஒன்னோடத மட்டும் பத்திரமா வச்சிருப்ப," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் அவர்களுடையதை அழிக்கத்தான் செய்தேன், பிரதி எடுத்து வைக்கவில்லை. வீடு எரிந்த ஆறு குடும்பத்துக்கும் மறு பிரதிக்கான விண்ணப்பங்களை நானே நிரப்பிக் கொடுத்தேன். மாவட்ட அலுவலகமான கச்சேரிக்கும் கூடவே போய் வந்தேன். ஆனாலும் அந்த அக்கா அதன் பிறகு என்னோடு முன்போலப் பேசவில்லை.

பழைய நம்பரிலேயே சிம் எடுத்து, கடையில் கிடந்த ஒரு போனில் போட்டேன். வெள்ளிக்கிழமை பாலத்தில் நின்றேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. தீப்பிடித்த அந்த நாலைந்து நாளில் அவள் ஏதாவது அனுப்பி, அது என்னிடம் வராமல் போய்விட்டதா என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். அவள் நம்பருக்கு எடுத்தால் அணைக்கப்பட்டிருக்கிறது என்றே சொன்னது. ஒரு மாதம் போனது. மூன்று மாதம் போனது. ஒப்பந்தம் முடிய வேண்டிய மாதமும் வந்து போனது, அவள் வரவில்லை. அவளை அனுப்பி வைத்த முகவரின் கதவில் பூட்டு தொங்கியது.

கொழும்பில் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் முறைப்பாடுகளை எடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகப் பேசினார். ஒப்பந்தத்தில் இருந்த விலாசத்தைக் கொடுத்தேன். அவர்கள் விசாரித்து, அந்தக் குடும்பம் அங்கே இல்லை என்று மூன்று வாரத்தில் சொன்னார்கள். குடிபோன இடம் எது, பக்கத்தில் என்ன இருக்கிறது, தங்கை ஏதாவது சொன்னாளா, அடித்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

"அவ சொன்னது இருக்கு," என்றேன். "குரல்ல இருக்கு."

"கொண்டு வாங்க," என்றார்.

மறுபடியும் பட்டிப்பொலவுக்குப் போனேன். இம்முறையும் சொல்லாமல்தான் போனேன், ஏனென்றால் போனில் கேட்டு, அது இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் அதைத் தனியாகத் தாங்க முடியுமா என்று பயமாக இருந்தது. அவள் வீட்டில் இருந்தாள். நான் கேட்டதும் அலுமாரிக்குப் போகாமல் தயங்கினாள்.

"கோவிச்சுக்காத. நாலு மாசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்காரரு அத எடுத்துக் கம்பியூட்டர்ல போட்டுட்டாரு. அவருக்கு ஒரு பென் டிரைவ் தேவப்பட்டுச்சு. என்னோடதுன்னு நெனச்சாரு."

 "என்ன காட்டுச்சு?"

"கெட்டுப்போச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆக்கவான்னு கேட்டுச்சாம்."

"ஆக்கிட்டாரா?"

"ஆக்கப்போனாரு. நான் பாத்துட்டு, அது அவ தங்கச்சி பேசுனதுன்னு சொன்னேன். கழட்டிட்டாரு. கெட்டே போயிருந்தாலும் அவகிட்டக் கேக்காம தொடக் கூடாதுன்னு அவரே டப்பாவுல போட்டு வச்சாரு." டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். "கெட்டுத்தான் போச்சாடி?"

"இல்ல," என்றேன். "பூட்டியிருந்தா அப்படித்தான் காட்டும்." சொல்லி முடிக்கும் முன் அழுகை வந்துவிட்டது. அவள் கணவர் ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அது பூட்டியிருக்கிறது, கெட்டதாகக் காட்டினாலும் நம்பாதே என்று ஒரு வார்த்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பொருளைக் கொடுத்தேன், விஷயத்தைச் சொல்லவில்லை.

அன்று மாலையே நானாவின் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணினியில் போட்டேன். பாஸ்வேர்டை அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு. வாழைக்காயின் ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதினேன் என்று ஞாபகம் வரவில்லை. இரண்டு விதமாகவும் பார்த்தேன். பஜ்ஜிக்கு எத்தனை எழுத்து போட்டேன் என்பதும் சந்தேகமாகிவிட்டது. ஒரு தாளில் எல்லா விதத்தையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்து வெட்டிக்கொண்டே வந்தேன். பதினாறாவதோ பதினேழாவதோ திறந்தது. அந்தத் தாளை அங்கேயே கிழித்துப் போட்டேன்.

பட்டிப்பொலவுக்குக் கொண்டுபோன நாள்வரைக்குமான பதிவுகள் எல்லாம் வரிசையாக இருந்தன, அதற்குப் பிறகு வந்தவை தீயோடு போய்விட்டன. முதலில் கைக்கு வந்ததை அமுக்கினேன். "அக்கா, இன்னைக்கு இங்க மழ பேஞ்சுச்சு, அஞ்சு நிமிசம்." ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

விலாசம் தேடி எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டேன். பத்து நாள் ஆனது. கடை மூடியதும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டு எழுதுவேன். அவர்கள் குடிபோன வீட்டு ஜன்னலுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை, பச்சை விளக்கு. பிள்ளைகளை ஏற்ற வரும் பள்ளி பஸ்ஸின் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்று அவளுக்குச் சொல்லிக் காட்டியிருந்தது. வீட்டுக்காரரின் தம்பிக்கு டயர்க் கடை. இப்படித் துண்டு துண்டாக ஒரு விலாசம் சேர்ந்தது.

அப்படிக் கேட்டபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இந்தப் பதிவுகளில் பலவற்றை நான் முன்பு முழுதாகக் கேட்டிருக்கவில்லை. அடுப்பு மூட்டிக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் கேட்டிருக்கிறேன். ஒரு பதிவின் கடைசியில், நான் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திய இடத்துக்குப் பிறகு, அவள் கேட்கிறாள்: "நீ எப்படிக்கா இருக்க? ஒன்னைய யாரும் கேக்க மாட்டாங்கல்ல, அதான் கேக்குறேன். அடுத்த வெள்ளிக்கிழம சொல்லு." அடுத்த வெள்ளிக்கிழமை நான் என்ன அனுப்பினேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு கட்டைவிரல் படம். இவ்வளவு கவனமாகப் பூட்டி, மூன்று பிரதி எடுத்து, ரயில் ஏறிப் போய் ஒளித்து வைத்த குரலுக்கு நான் பதில் பேசியிருக்கவில்லை.

நான் தமிழில் எழுதியதை ஹட்டன் மிஸ் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். சில இடத்தில் அர்த்தம் சரியா என்று பார்க்கப் பதிவையே கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார், பிறகு அந்த வரியை எழுதினார். அலுவலகத்தில் அதிகாரியும் அவரோடு இன்னும் இரண்டு பேரும் கேட்டார்கள், எழுதிய தாள்கள் கோப்பில் சேர்ந்தன. இரண்டு மாதத்துக்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தங்கையை வெளியே எடுத்துத் தூதரகத்தின் பாதுகாப்பு விடுதியில் வைத்திருக்கிறோம் என்று கடைக்குப் போன் வந்தது. நான் கேட்டது நிஜமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

கட்டுநாயக்கவுக்குப் போய் அழைத்து வந்தேன். கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. முடியை வெட்டியிருந்தார்கள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து கினிகத்தேனைவரைக்கும் தூங்கினாள். போன் என்ன ஆனது என்று நான் கேட்காமலே சொன்னாள், மூத்த மகன் அரிசி மூட்டையில் கண்டுபிடித்துவிட்டானாம், எஜமானி அதைச் சுத்தியலால் உடைத்தாளாம். லயம் எரிந்ததற்கு முந்தின நாள் அது. ஆக எனக்கு வராமல் போன பதிவு என்று ஒன்றும் இல்லை.

புது வீடு கட்டிக் கொடுக்கும்வரை தகரக் கொட்டகையில் இருந்தோம். அவள் அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் போனதும் ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"என்னைய எப்படிக்கா கண்டுபுடிச்சாங்க?"

சொன்னேன். லயம் எரிந்தது, பட்டிப்பொல, பாஸ்வேர்ட் எல்லாவற்றையும். வாழைக்காய் பஜ்ஜி என்றபோது லேசாகச் சிரித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எத்தன பேரு கேட்டாங்க?"

"நாலு பேரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும் இல்ல. தேவப்பட்டத."

"மகன் வந்து நிக்கிறத சொன்னேனே, அது?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "அதத்தான் மொதல்ல கேட்டாங்க," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. "நீ கேக்க வச்சதாலதான் வந்தேன். அது எனக்குத் தெரியும்," என்றாள். "ஆனா ஒனக்கு மட்டும்னு சொன்னேன்ல." பிறகு, "அழிச்சிரு அக்கா" என்றாள்.

நான் உடனே சரி சொல்லவில்லை. அவள் இல்லாத அந்த மாதங்களில் எனக்கென்று இருந்தது அந்தக் குரல் மட்டும்தான். அதில் மழை பெய்ததும் இருக்கிறது, குழந்தைக்குப் பல் முளைத்ததும் இருக்கிறது. அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளவா என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அது அவளுடைய குரல்.

நானாவின் கடையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தே அழித்தேன். சும்மா அழித்தால் போதாது, மேலே வேறு எதையாவது எழுதி நிரப்ப வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரையில் பச்சைக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவள் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும், "அந்த ஆபீஸ் காயிதம்?" என்று கேட்டாள்.

"அத எடுக்க முடியாது."

"சரி," என்றாள்.

இப்போது அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள், மூன்று பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். தோட்டத்தில் எல்லாரும் தன்னைப் பார்க்கும் பார்வை பிடிக்கவில்லை என்று போனாள். குரல் பதிவு அனுப்புவதில்லை. எழுத்தில் "சாப்புட்டேன்," "கடையில கூட்டம்" என்று வரும். நான் நீளமாகப் பதில் எழுதுகிறேன். என் தலைவலி, மழை, கடையில் வந்த ஆட்கள் என்று எல்லாம் எழுதுகிறேன். அவள் படித்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் மட்டும் சில நாள் வரும்.

நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். வீடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள், இரண்டு அறை. ஒன்றில் யாரும் இல்லை.

போன தீபாவளிக்கு இரண்டு நாள் வந்திருந்தாள். இரண்டாம் நாள் காலை, நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசற்படியில் வந்து உட்கார்ந்து, வெளிநாட்டில் வேலை செய்த அந்த வீட்டைப் பற்றித் தானாகவே பேச ஆரம்பித்தாள். குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை பேசினாள். அவள் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.